அறுந்த மாலையை மீண்டும் கோக்கலாம்

மூத்தோர் மனநல நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இன்று நாம் கையால் செய்யும் நகைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். சுகாதார நிகழ்ச்சியில் நகைக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இரத்த அழுத்தம், நீரிழிவு, கண்புரை பற்றிக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று கொஞ்சம் மணியையும் நூலையும் முன்னால் வைத்துக்கொண்டு, மனநலத்தைப் பற்றியும் பேச்சு நின்றுபோன உறவுகளைப் பற்றியும் பேசுவோம்.

நான் மருத்துவரோ நகை செய்பவரோ கிடையாது. சுகாதாரத் தகவல்களைத் தமிழில் தருவது என் வேலை. அந்த வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு சிக்கல் இருக்கிறது. மருத்துவர் ‘மனச்சோர்வு’ என்று சொல்வதை நம் மூத்தோர் அந்தப் பெயரில் சொல்வதில்லை. “நெஞ்சு கனமா இருக்கு”, “ராத்திரி தூக்கம் பிடிக்கல”, “எதுலயும் மனசு ஒட்டல” என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் அதை வயதின் தளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இப்படிச் சொல்லுக்கும் நோய்க்கும் நடுவில் பல மாதங்கள் போய்விடுகின்றன. அந்த இடைவெளியைக் குறைக்க உதவும் எளிய வழிகளில் ஒன்று, கைகளுக்கு ஒரு வேலை கொடுத்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைப்பது.

நகை என்றால் சிரிப்பு

தமிழில் நகை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று அணிகலன், மற்றொன்று சிரிப்பு. புன்னகை, நகைச்சுவை என்று நாம் தினமும் சொல்லும் சொற்களில் அந்தச் சிரிப்பு இருக்கிறது. மனத்தில் எழும் உணர்வு உடலில் தெரிவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. அதில் எட்டு வகை சொல்லப்பட்டிருக்கிறது. முதலாவது நகை, அதற்கு அடுத்தது அழுகை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

உறவையும் மனத்தையும் பற்றி நாம் பேசும் சொற்களைக் கவனித்துப் பாருங்கள். பாதிச் சொற்கள் நூலோடும் முடிச்சோடும் தொடர்புள்ளவை. உறவு அறுந்துபோனது என்கிறோம். பிரச்சினையைச் சிக்கல் என்கிறோம். சிக்கலை அவிழ்க்க வேண்டும் என்கிறோம். கல்யாணத்தை மூன்று முடிச்சு என்கிறோம். பேச்சு ஒழுங்காக வராதபோது, “கோவையாகச் சொல்லு” என்கிறோம். நம் முன்னோர் கையால் கற்ற பாடத்தைப் பேச்சில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். அறுந்த மாலையை எறிந்துவிட வேண்டியதில்லை, மணிகளைப் பொறுக்கி மீண்டும் கோக்கலாம் என்பது மாலை கட்டத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்ததே.

நகையில் தங்கியிருக்கும் உறவுகள்

நம் வீடுகளில் நகை வெறும் உலோகமாக இருந்ததில்லை. தாலி கணவன் மனைவி உறவு. குழந்தைக்குப் போட்ட அரைஞாண் தாத்தா பாட்டியின் ஆசி. காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் போட்ட தோடு தாய்வீட்டு உரிமை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக அடகுக் கடைக்குப் போன வளையல், ஒரு தாய் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் கணக்கு.

அதனால்தான் நகையோடு காயங்களும் சேர்ந்து வருகின்றன. “அம்மாவின் சங்கிலி யாருக்கு?” என்ற ஒரு கேள்வியில் பேச்சு நின்றுபோன அக்கா தங்கைகள் இருக்கிறார்கள். “எனக்குப் போட்டது குறைவு” என்று முப்பது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கும் மகள்கள் இருக்கிறார்கள். கணவர் காலமான பிறகு கழுத்திலும் கையிலும் ஒன்றுமே போடாமல், கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்ட அம்மாக்களும் இருக்கிறார்கள். சடங்கு பதினாறு நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு, “நான் இனி நன்றாக இருக்கக் கூடாது” என்ற எண்ணம் மட்டும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது.

நமக்குப் பக்கத்து வீடான பெரனாக்கான் சமூகத்தைப் பாருங்கள். துக்க காலத்தில் அந்த வீட்டுப் பெண்கள் தங்கத்தையும் வைரத்தையும் கழற்றிவிட்டு வெள்ளியும் முத்தும் அணிந்தார்கள். முத்து கண்ணீரைக் குறித்தது. மணி கோத்துச் செய்த செருப்பில்கூடத் துக்கத்துக்கென்று நீலம், கறுப்பு, வெள்ளை நிறங்கள் இருந்தன. துக்கத்திலும் அணிய ஒன்று இருந்தது. துக்கத்திலிருந்து மெல்ல வெளியே வருவதற்கும் ஒரு வழி இருந்தது. ஆர்மீனியன் சாலையில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்தில் பெரனாக்கான் நகைகளையும் மணி வேலைப்பாட்டையும் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளுடன் ஒருமுறை போய் வாருங்கள்.

நம் கைகளுக்குப் பழக்கமான வேலை

மணி கோப்பது தமிழர்களுக்கு நேற்று வந்த பொழுதுபோக்கு கிடையாது. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சிறிய கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. அந்த வகை மணிகள் கடல் தாண்டி வந்தன. கெடாவில் சுங்கை மாஸிலும் பேராக்கில் கோலா செலின்சிங்கிலும் தொல்லியலாளர்கள் அவற்றைக் கண்டெடுத்திருக்கிறார்கள். நம் ஃபோர்ட் கேனிங் குன்றில் நடந்த அகழாய்விலும் கண்ணாடி மணிகள் கிடைத்தன.

ஐயாமார்களுக்கு ஒரு வார்த்தை. “இது பெண்கள் வேலை” என்று எழுந்து போய்விடாதீர்கள். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பொன்னை உருக்கி நகை செய்த பொற்கொல்லர்கள் ஆண்கள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கைகள் சும்மா இருப்பதுதான் பல ஆண்களுக்கு முதல் துன்பம். பேசச் சொன்னால் பேச மாட்டார்கள். கையில் ஒரு வேலை இருந்தால் அவர்களுக்கும் பேச்சு வரும்.

சமயம் எதுவானாலும் நம் விரல்களுக்கு மணி பழக்கம். உருத்திராட்ச மாலையிலும் துளசி மாலையிலும் 108 மணிகள் வைத்து எண்ணுகிறோம். முஸ்லிம் அன்பர்கள் கையில் இருக்கும் தஸ்பீஹில் 33 அல்லது 99 மணிகள். கத்தோலிக்க அன்பர்களின் ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து தொகுதிகள். மனம் அலையும்போது விரல் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகர்ந்தால் மூச்சு சீராகும் என்பதைத் தினமும் பிரார்த்தனை செய்பவர்கள் அறிவார்கள்.

கை வேலை செய்யும்போது என்ன நடக்கிறது?

மனச்சோர்வோ மனப்பதற்றமோ உள்ளவரின் மனம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். “அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது”, “நாளைக்கு என்ன ஆகுமோ” என்று செக்குமாடுபோலச் சுற்றும். சிறிய துளையில் நூலை நுழைக்கும்போது கவனம் முழுவதும் விரல் நுனிக்கு வர வேண்டியிருக்கிறது. அந்தச் சில நிமிடங்கள் சுழற்சி நிற்கிறது. மனம் ஓய்வு எடுக்கிறது.

அடுத்து, ஒன்றை முடித்த நிறைவு. சோர்ந்த மனத்துக்குப் பெரிய வேலைகள் மலையாகத் தெரியும். இருபது மணிகள் கோப்பது மலையாகத் தெரியாது. அரை மணி நேரத்தில் ஒரு கைவளை முடிந்துவிடும். “இன்று ஒன்று செய்தேன்” என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருள் கையில் இருக்கும். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையிலும், மனம் வரும்வரை காத்திருக்காமல் சிறிய வேலை ஒன்றை முதலில் தொடங்கச் சொல்வது ஒரு முக்கிய முறை. வேலை தொடங்கினால் ஆர்வம் பின்னால் வரும்.

மூன்றாவது, உட்காரும் விதம். மனத்தாங்கல் உள்ள இருவரை நேருக்கு நேர் உட்கார வைத்து, “பேசுங்கள்” என்றால் விசாரணைபோல ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து மணி எடுத்தால் கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. மௌனமும் சங்கடமாக இருக்காது, ஏனென்றால் கை வேலை செய்கிறது. பூக் கட்டும்போதும் முறுக்குப் பிழியும்போதும் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை கதை பேசியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மருத்துவத்துக்கும் இது புதிது இல்லை. முதல் உலகப் போரில் உடலும் மனமும் காயப்பட்டுத் திரும்பிய வீரர்களுக்குக் கூடை பின்னுதல், நெசவு போன்ற கைவேலைகள் கற்றுக்கொடுக்கப்பட்டன. இன்று மருத்துவமனைகளில் நாம் காணும் செயல்முறைச் சிகிச்சை அந்தக் காலத்தில்தான் வேகமாக வளர்ந்தது. உலகச் சுகாதார அமைப்பின் ஐரோப்பிய வட்டார அலுவலகம் 2019இல் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கலைகளும் கைவேலைகளும் நோயைத் தடுப்பதிலும் நோயாளிகளைப் பராமரிப்பதிலும் உதவக்கூடும் என்று அறிக்கை வெளியிட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணி கோப்பது மருந்துக்கும் ஆலோசனைக்கும் பதிலாகாது. நடைப்பயிற்சி நீரிழிவுக்கு எப்படியோ, கைவேலை மனத்துக்கு அப்படி. கூடவே செய்தால் நல்லது. அதை நம்பி மருந்தை நிறுத்தினால் ஆபத்து.

ஒரு தாயும் மகளும்

ஒரு மணிமாலை வகுப்பில் மொழி உதவிக்காக உட்கார்ந்திருந்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். கணவர் காலமான பின் தன் நகைகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதில் ஒரு சங்கிலி மருமகளுக்குப் போனது. மகளுக்கு மனம் நொந்துவிட்டது. மூன்று ஆண்டுகளாக மகள் பெருநாளுக்கு வருவார், சாப்பாட்டை மேசையில் வைப்பார், போய்விடுவார். அம்மா தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தார். நிலைய ஊழியர் கேட்டுக்கொண்டதால்தான் மகள் அன்று அம்மாவைக் கூட்டி வந்தார். திரும்ப அழைத்துப் போக வசதியாக இருக்கட்டும் என்று ஓரத்தில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்கு நூல் துளையில் ஏறவில்லை. நாலைந்து முறை முயன்று பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், “இத கொஞ்சம் கோத்துக் குடும்மா, கண்ணு தெரியல” என்றார். மகள் எழுந்து வந்து, “குடுங்கம்மா” என்று வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் மகள் தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

சிறிது நேரத்துக்குப் பிறகு பச்சை மணியை எடுத்து, “இது அந்த வளையல் கல் மாதிரி இல்ல?” என்றார் மகள். “அத எங்க... உன் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டறப்ப அடகு வெச்சது, மூழ்கிப் போச்சு” என்றார் அம்மா. மகளின் கை நின்றுவிட்டது. அது அவருக்குத் தெரியாத செய்தி. “ஏம்மா சொல்லவே இல்ல?” என்று கேட்டார். “சொன்னா நீ படிச்சிருப்பியா?” என்று அம்மா மணியைக் கோத்துக்கொண்டே சொன்னார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சங்கிலியைப் பற்றிய வருத்தம் மகளிடம் இன்னும் இருக்கிறது என்றுதான் கேள்விப்பட்டேன். ஆனால் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறார். அம்மாவின் தூக்கம் மணிமாலையால் மட்டும் திரும்பவில்லை. மகளே கூட்டிப் போய்ப் பலதுறை மருந்தகத்தில் காட்டிய பிறகுதான், அவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிந்து சிகிச்சை தொடங்கியது. கைவேலை இருவருக்கும் நடுவில் இருந்த கதவைத் திறந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் போக மருத்துவமும் வேண்டியிருந்தது.

வீட்டிலேயே தொடங்குவது எப்படி?

முதல் நகையாக மீள்நூலில் ஒரு கைவளை செய்வது எளிது. ஊசி வேண்டாம், கொக்கி வேண்டாம். தேக்கா பக்கத்துக் கடைகளிலும் கைவினைக் கடைகளிலும் மணிகள் கிடைக்கும். வீட்டில் அறுந்து கிடக்கும் பழைய பாசிமாலை இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். அதில் நினைவும் சேர்ந்து வரும்.

1. மணிக்கட்டை ஒரு நூலால் சுற்றி அளவு எடுங்கள். அதோடு ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு 16 சென்டிமீட்டர் என்றால் கைவளை 17.5 சென்டிமீட்டர். அதற்கு 8 மில்லிமீட்டர் மணிகள் ஏறத்தாழ 22 வேண்டும்.

2. ஒரு தட்டில் துணியை விரித்து அதன்மேல் மணிகளைக் கொட்டுங்கள். மணி உருண்டு ஓடாது.

3. மீள்நூலை 25 சென்டிமீட்டர் வெட்டி, முதலில் இரண்டு மூன்று முறை இழுத்து விடுங்கள். பின்னால் தொளதொளவென்று ஆகாது. ஒரு நுனியில் ஒட்டும் நாடாவை ஒட்டிவிட்டால் மணிகள் கழன்று விழாது.

4. மணிகளைக் கோத்து முடித்ததும் இரு நுனிகளையும் சேர்த்து, இரண்டு சுற்று முடிச்சாகப் போட்டு இறுக்குங்கள். மேலும் ஒரு முடிச்சு போட்டு, மிச்ச நூலை வெட்டி, முடிச்சைப் பக்கத்து மணிக்குள் இழுத்துவிடுங்கள்.

உடல்நலத்தை மனத்தில் வைத்துச் சில குறிப்புகள்:

• மூட்டுவலி உள்ளவர்கள் 10 மில்லிமீட்டர் அல்லது அதைவிடப் பெரிய மணிகளைத் தேர்ந்தெடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை நீட்டி மடக்குங்கள்.

• நீரிழிவால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்கு ஊசி குத்தியது தெரியாமல் போகலாம். ஊசி இல்லாத முறையே பாதுகாப்பானது.

• சன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்காருங்கள். வாசிப்புக் கண்ணாடி போட்டும் மணியின் துளை தெரியவில்லை என்றால் கண் பரிசோதனைக்கு நாள் ஆகிவிட்டது என்று பொருள்.

• இதயமுடுக்கி பொருத்தியவர்கள் காந்தக் கொக்கி வைத்த மாலைகளைத் தவிர்க்கவும். காந்தம் அதன் இயக்கத்தைப் பாதிக்கலாம்.

• மலிவான உலோகக் கொக்கிகளில் உள்ள நிக்கல் சிலருக்கு அரிப்பை உண்டாக்கும். அரித்தால் கழற்றிவிடுங்கள்.

• சின்னப் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மணிகளை எண்ணி மூடி வையுங்கள். குழந்தைகள் விழுங்கினால் மூச்சு அடைக்கும்.

தனியாகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்வது நல்லது. உங்கள் வட்டாரத்தில் உள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலும் சமூக மன்றத்திலும் கைவினை வகுப்புகள் உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து தொடங்குங்கள். ஒரு மேசையும் ஒரு தட்டும் போதும்.

உறவைச் சரிசெய்யும்போது

நீங்கள் செய்த நகையை, பேச்சு நின்றுபோன ஒருவருக்குக் கொடுக்க விரும்பலாம். அருமையான எண்ணம். அப்போது இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதைக் கணக்காக்காதீர்கள். “நான் உனக்கு இதைச் செய்தேன், நீ எனக்கு என்ன செய்தாய்?” என்ற வார்த்தை மணியோடு போகக் கூடாது. “உன் ஞாபகம் வந்தது, செய்தேன்” என்பது போதும்.

பழைய வழக்கை முதல் நாளே எடுக்காதீர்கள். யார் செய்தது தவறு என்ற கேள்வி கடைசி மணியாக இருக்கட்டும். முதல் மணி, “சாப்பிட்டியா?” என்பதாக இருக்கலாம். நம் மொழியில் அந்தக் கேள்விக்குள் எவ்வளவு அன்பு இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்கும்போது இடைமறிக்காதீர்கள். பிள்ளை, “எனக்கு அது வலித்தது” என்று சொன்னால், “நாங்கள் பட்ட கஷ்டத்துக்கு இது என்ன பெரிது” என்று பதில் சொல்லத் தோன்றும். அந்த நேரத்தில் இன்னொரு மணியைக் கோருங்கள். “அப்படியா, எனக்குத் தெரியாதே” என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில் வராமலும் போகலாம். எல்லா மாலையும் பழைய நீளத்துக்கு வராது. சில மணிகள் தொலைந்திருக்கும். கழுத்துக்கு எட்டாதது கைக்கு வளையாகலாம். பிரிந்துபோன கணவன் மனைவி மீண்டும் சேர்ந்து வாழாமல், பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் மீட்சிதான்.

இன்னொன்று மிக முக்கியம். உங்களை அடிக்கிற, மிரட்டுகிற, உங்கள் பணத்தையோ நகையையோ வலுக்கட்டாயமாகப் பறிக்கிற உறவை நீங்களே பொறுமையாகக் கோத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அது துன்புறுத்தல். குடும்ப மானம் போய்விடும் என்று மறைக்காதீர்கள். தேசிய வன்முறை, பாலியல் துன்புறுத்தல் உதவி எண் 1800 777 0000. எந்த நேரமும் அழைக்கலாம்.

எப்போது மருத்துவ உதவி வேண்டும்?

துக்கம் இயல்பானது. அன்புக்குரியவர் போன பிறகு அழுவது நோய் ஆகாது. ஆனால் கீழே உள்ளவற்றில் பல, இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறத்தாழ தினமும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

• எப்போதும் சோகம், வெறுமை அல்லது எரிச்சல்
• முன்பு பிடித்த எதிலும் நாட்டமின்மை. கோயில், நாடகத் தொடர், பேரப்பிள்ளை எதுவும் மகிழ்ச்சி தராத நிலை
• தூக்கம் வராமை, அல்லது எப்போதும் தூக்கம்
• பசியின்மை, எடை குறைதல்
• காரணம் தெரியாத உடல்வலி, அசதி
• மறதி, கவனம் சிதறுதல்
• “நான் எல்லாருக்கும் பாரம்” என்ற எண்ணம்
• சாவைப் பற்றி அடிக்கடி நினைத்தல்

கடைசியில் சொன்னது இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் 2016இல் நடத்தப்பட்ட மனநல ஆய்வு, ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனநிலை, மனப்பதற்றம் அல்லது மதுப்பழக்கம் தொடர்பான பாதிப்பு ஏற்பட்டிருப்பதைக் காட்டியது. பாதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் தொழில்முறை உதவியை நாடவில்லை. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் நம் சமூகத்திலும் உண்டு. மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. மூத்த வயதிலும் அது பலன் தரும். மருந்து கொடுத்தால் அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகலாம். நாலு நாளில் பலன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ சொல்லலாம். ‘மனச்சோர்வு’ என்ற சொல் வாயில் வராவிட்டால் பரவாயில்லை. “நெஞ்சு கனமா இருக்கு, தூக்கம் இல்ல, எதுலயும் மனசு ஒட்டல, ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு” என்று உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள். எவ்வளவு நாளாக என்பதைச் சேர்த்துச் சொன்னால் மருத்துவருக்குப் பெரிய உதவி. தமிழில் பேச விரும்பினால் பதிவு செய்யும்போதே கேளுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

தொலைபேசியில் உதவி பெற:

தேசிய மைண்ட்லைன்: 1771 (24 மணி நேரம்)
சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767 (24 மணி நேரம்)
மனநலக் கழகத்தின் உதவி எண்: 6389 2222 (24 மணி நேரம்)
ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு: 1800 650 6060
உயிருக்கு ஆபத்து என்றால்: 995

இந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் வீட்டுக்கு வருபவர் யாருக்காவது தேவைப்படலாம்.

இப்போது பக்கத்து மேசையில் மணியும் நூலும் வைத்திருக்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு அறிமுகம் இல்லாத ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். யாருக்காகச் செய்கிறோம் என்று முதலில் மனத்தில் ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் உங்களுடையதாகவே இருந்தாலும் நல்லதுதான்.